மனூபியா தைத்த படகு

"இது யாருக்கு?" என்று கேட்டான் ஹேதி.

"எனக்கு" என்றாள் அவன் அக்கா மனூபியா. முற்றத்தில் குந்தி, பிளைவுட் பலகையின் மேல் தையல் சாக்கட்டியால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குன்னா? மீன் பிடிக்கப் போறியா?"

"நாத்தம் பிடிச்ச வேலை. அதை நீயே பாரு."

"அக்கரையில ஸ்ஃபாக்ஸ் டவுனுக்குப் போகத்தான் கப்பல் ஓடுதே."

"ஓடட்டும். நான் ஏறாமலா இருக்கேன்?"

"அப்புறம் எதுக்கு இது?"

"சாயங்காலமானா காப்பிக்கடையில சீட்டாடுறியே, அது எதுக்கு?"

"அது பொழுதுபோக்கு."

"இதுவும் அதேதான்."

"படகா? பொம்பளைக்கா? ஊரே சிரிக்குது அக்கா."

"நான் தச்ச சட்டையைப் போட்டுக்கிட்டுத்தானே சிரிக்குது. சிரிக்கட்டும்."

ஹேதி எழுந்து போய்விட்டான். கவிழ்த்த எண்ணெய் டின்னின் மேல் உட்கார்ந்திருந்த அடுத்த வீட்டுப் பெண் இன்சாஃப், மடியிலிருந்த புத்தகத்தை விட்ட இடத்திலிருந்து படிக்கத் தொடங்கினாள். படகு கட்டும் விதம் பிரெஞ்சில் இருந்தது. மனூபியாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. இன்சாஃபுக்குத் தெரியும். ஆனால் எந்த மொழியிலும் அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை.

அவர்கள் இருந்த கெர்கென்னா தீவில் கல்யாணங்கள் எல்லாம் கோடையில்தான். குளிர்காலத்தில் மனூபியாவின் தையல் மிஷினுக்கு வேலை இருக்காது. அப்படி ஒரு குளிர்காலத்தில், ஸ்ஃபாக்ஸ் பழைய சாமான் சந்தையில் அந்தப் புத்தகம் அவள் கண்ணில் பட்டது. பலகைகளை வெட்டி, ஓரங்களில் துளை போட்டு, செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று தைத்து, இணைப்பில் பசை பூச வேண்டும் என்று இன்சாஃப் படித்துச் சொன்னபோது மனூபியா நிமிர்ந்தாள்.

"தைக்கணும்னா போட்டிருக்கு?"

"ஆமா அக்கா."

"அப்போ இது ஆம்பளைங்க வேலைன்னு எவன் சொன்னான்?"

அளவுகளை இன்சாஃப் சரியாகத்தான் சொன்னாள். ஆனால் மனூபியாவுடையது இருபத்தைந்து வருடம் துணி வெட்டிய கை. தையலுக்கென்று ஒவ்வொரு ஓரத்திலும் ஒரு விரல் கூடுதலாக விட்டே வெட்டியது. பலகைகளைத் தூக்கி நிறுத்தியபோது அடிப்பலகையின் வளைவும் பக்கப் பலகையின் வளைவும் ஒட்டவே இல்லை. மனூபியா விரலை வைத்து இடைவெளியை அளந்து பார்த்தாள். பிறகு, "மரத்துக்கு மடிப்பு விட்டவ உலகத்துலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்" என்றாள்.

கீழே சேரும் இடங்களை மட்டும் இழைப்புளியால் சீவினாள். மேல் ஓரத்தை இன்சாஃப் காட்டியபோது தொட மறுத்துவிட்டாள். "இருக்கட்டும். என் வயசுப் படகுக்கு இடுப்பு கொஞ்சம் பெருத்துத்தான் இருக்கும்."

அந்த இடுப்புதான் வம்பை இழுத்தது. இத்தாலிக்குத் திருட்டுத்தனமாக ஆள் ஏற்றும் காலம். தீவில் யார் வீட்டில் பலகை அறுக்கும் சத்தம் கேட்டாலும் சந்தேகம்தான். ஜாக்கெட் அளவு கொடுக்க வந்த ஒருத்தி முற்றத்தை எட்டிப் பார்த்து, "பக்கமெல்லாம் இவ்வளவு உயரமா இருக்கே. எத்தனை பேரை அனுப்பப் போற?" என்றாள்.

"உன்னை மட்டும்தான். திரும்பி வரமாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்றாள் மனூபியா, அளவு நாடாவை வாயிலிருந்து எடுக்காமல்.

அடுத்த வாரம் காவலர் ஒருவர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"இதுல எத்தனை பேர் ஏறலாம்மா?"

"நான் ஏறினா, கூட ஒரு ஆள். அவ்வளவுதான்."

"பாத்தா அப்படித் தெரியலயே."

"என்னையும் பாத்தா இவ்வளவு கனம் தெரியாது."

அவர் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் படகைத் துறைமுகத்தில் தண்ணீரில் இறக்கி, ரெண்டு பேருக்கு மேல் தாங்காது என்று கண்முன்னே காட்ட வேண்டும். காட்டினால் உல்லாசப் படகு என்று பதிந்துகொள்ளலாம். இல்லையென்றால் ஆட்கள் வந்து அறுத்துப் போடுவார்கள். சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் ஹேதி ரம்பத்தோடு வந்தான். "அவங்க வந்து அறுத்தா என் மீன்பிடி லைசென்ஸும் போயிடும் அக்கா. எனக்கு மூணு பிள்ளைங்க. நானே அறுத்துடுறேன்."

மனூபியா உள்ளே போய், ஓரம் மடிக்க வேண்டிய கோடைக் கல்யாண உடுப்பை எடுத்து வந்தாள். படகுக்குள் ஏறி உட்கார்ந்தாள். வெள்ளைத் துணியை மடியில் பரப்பி, ஊசியில் நூல் கோத்துத் தைக்கத் தொடங்கினாள்.

"அக்கா, இறங்கு."

"உன் பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகாது. காட்டச் சொன்னாங்க, காட்டப் போறேன்."

"முழுகிட்டா?"

"முழுகினா நீ சொன்னது சரின்னு ஊர் முன்னாடியே ஒத்துக்கிறேன். இன்னைக்கு ஒத்துக்கமாட்டேன்."

ஒரு பக்க ஓரம் முழுதும் அவள் தைத்து முடித்த பிறகு, ஹேதி ரம்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே போனான். அவன் போன பிறகுதான் இன்சாஃப் படகின் அருகே வந்தாள். ஊசி இரண்டு முறை மனூபியாவின் விரலில் ஏறியது.

"வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் இறக்குறேன்" என்றாள் மனூபியா.

"அப்போ கடல் உள்வாங்கி, தண்ணி வத்திப் போயிருக்குமே அக்கா. கரையில ஆம்பளைங்க எல்லாரும் நிப்பாங்க. காலையிலயே போயிட்டா யாரும் இருக்கமாட்டாங்க."

"யாரும் இல்லாதப்ப இறக்கினா ஒளிச்சு இறக்கினாள்னு சொல்லுவாங்க. ஆழம் வர்ற வரைக்கும் முழங்கால் தண்ணியில இழுத்துக்கிட்டே போவோம். எவ்வளவு நேரம் வேணா பாக்கட்டும்."

'போவோம்' என்றது இன்சாஃபின் காதில் விழுந்தது. அவள் புத்தகத்தை மூடினாள்.

மனூபியா நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அவளைப் பார்த்தாள்.

"ரெண்டு பேர்னு அந்தப் போலீஸ்காரர்கிட்டச் சொல்லிட்டேன். நீ முன்னால உக்காரு இன்சாஃப். பேச வேண்டாம், ஒண்ணும் பண்ண வேண்டாம். கரையில அவங்க என்ன சொன்னாலும் தலையை மட்டும் குனிஞ்சுக்காதே."