பின்சீட்டில் ஒரு பீரோ

காலை ஏழு மணிக்கு வாசலில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள் என் தங்கை. இடது கையில் ஒரு தார்ப்பாய்ப் பை, வலது கையில் ஒரு தார்ப்பாய்ப் பை. தோள்கள் மெல்ல ஏறி இறங்குகின்றன. எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் இதை ஏதோ பிரார்த்தனை என்று நினைத்து, ஒரு வாரம் குரலைத் தாழ்த்திக்கொண்டே கடந்து போனாராம். "இடது பக்கம் கொஞ்சம் கூட" என்பாள். உட்கார்ந்து, இடது பையிலிருந்து எதையோ எடுத்து வலது பையில் வைப்பாள். மறுபடி தூக்குவாள், மறுபடி கண்ணை மூடுவாள். நம்பாமல் நான் ஒருமுறை இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்தேன். ஐம்பது கிராம் வித்தியாசம். அந்த ஐம்பதும் தராசின் குற்றமாக இருக்கலாம்.

அவள் ஊர் ஊராகப் போய்க் கண் பரிசோதித்து மூக்குக்கண்ணாடி போட்டுக் கொடுப்பவள். 'ஊர்' என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. பஸ் எங்கே நின்று திரும்புகிறதோ அங்கேதான் அவளுடைய வேலை ஆரம்பிக்கிறது: கல்குவாரி, ஆட்டுப்பட்டிகள், அணைக்கட்டுக் காவலர்களின் குடியிருப்பு. "டாக்டரம்மா" என்று யாராவது கூப்பிட்டால் உடனே திருத்துவாள்: "டாக்டர் இல்லீங்க, கண்ணாடி போடறவ." திருத்தி முடிப்பதற்குள் அடுத்தவர் "டாக்டரம்மா" என்பார். சளைக்காமல் அவரையும் திருத்துவாள்.

அவளுடைய வண்டி தார் ரோட்டிலும் ஓடும், ரோடே இல்லாத இடத்திலும் ஏறும். உயரமாக, ஒல்லியாக, வெட்டுக்கிளி மாதிரி இருக்கும். சின்ன இன்ஜின்தான். சாமான் வைக்க ஒரு கைக்குட்டை அளவு இடத்தைக்கூட அதைச் செய்தவர்கள் விட்டுவைக்கவில்லை. அவள் உயரம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. இடது மிதியில் காலை ஊன்றி எம்பி, வலது காலைப் பின்சீட்டுக்கு மேலாகச் சுழற்றிப் போட்டுத்தான் ஏறுவாள். வண்டியை நிறுத்தினால் ஒரு காலின் பெருவிரல் மட்டும் தரையைத் தொடும்.

வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "முதல்ல போட்டதா, இப்பப் போட்டதா, எது தெளிவு?" என்று நாளைக்கு நூறு முறை கேட்கிறவள் அதை வீட்டிலும் விடுவதில்லை. டீயில் இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டுவிட்டு, "முதல்ல குடிச்சதா, இப்பக் குடிக்கறதா?" என்பாள். குவாரி ஆட்கள் எல்லாரும் சொல்கிற பதிலையே அவள் கணவரும் சொல்வார்: "ரெண்டும் ஒரே மாதிரிதாம்மா இருக்கு."

பதினோரு வருடம் அத்தனை சாமானையும் அவள் முதுகில்தான் சுமந்தாள். வில்லைப்பெட்டி, ஃபிரேம்கள், கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்க்கும் கருவி, எழுத்து அட்டை எல்லாம். போன வருடம் குனிந்தவள் நிமிர முடியாமல் இரண்டு நாள் கிடந்தாள். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், முதுகில் இனி ஒரு துண்டுகூடப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். அன்று எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், "இனிமே வண்டியிலதான் ஏதாவது மாட்டணும்" என்றாள்.

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன்.

நான் அலமாரி வடிவமைப்பவன். இருபத்திரண்டு வருடமாக அதுதான் தொழில். சமையலறை மூலையில் வீணாகப் போகிற இடத்தில் சுழலும் தட்டு வைத்துப் பேர் வாங்கியவன். யாராவது "இடம் இல்லை" என்று சொன்னால் எனக்கு நாக்கில் எச்சில் ஊறும்.

"அதை என்கிட்ட விட்டுடு" என்றேன்.

"அண்ணா, அந்தப் பின்சீட்டு..." என்று ஏதோ சொல்ல வந்தாள்.

"அதேதான்! பின்னாடிதான் இடமே இருக்கு" என்று முடித்து வைத்தேன்.

மூன்று வாரம் ஆனது. அலுமினியப் பெட்டி, நான்கு இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் வில்லைகள் நிற்க மெத்தை வைத்த பள்ளங்கள். விரலால் தொட்டாலே மெதுவாக, சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும். பக்கவாட்டில் டீ தம்ளர் வைக்க ஒரு மடக்குப் பலகை. அவள் ஓட்டுகிறபோது டீ எப்படிக் குடிப்பாள் என்று நான் யோசிக்கவில்லை. காலிப் பெட்டி பதினாறு கிலோ இருந்தது. அந்தத் தகவலை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

பின்சீட்டுக்கு மேல் பூட்டி நிறுத்தியதும் ஒரு சுற்று வந்து பார்த்தாள். ஓர் இழுப்பறையைத் திறந்து விட்டாள். அது நிதானமாக மூடியது. "மெதுவா மூடுதே" என்றாள். "அதான் விசேஷம்" என்றேன். ஏறப் போனாள். வழக்கம்போல் காலைச் சுழற்ற, முழங்கால் பெட்டியில் இடித்தது. பிறகு காலை மடக்கி, டேங்குக்கு மேலாக நுழைத்து, ஜன்னல் வழியே வீட்டுக்குள் குதிக்கிறவளைப் போல ஏறி உட்கார்ந்தாள். "பழகிடும்ணா" என்றாள். இப்போது பைகளோடு நிற்பதைப் போல, அந்த முதல் பயணத்தன்று காலை அவள் கண்ணை மூடிக்கொண்டு நிற்கவில்லை. அண்ணன் செய்ததை எடை போடுவானேன் என்று நினைத்தாளோ என்னவோ.

குவாரிக்கு அவள் முன்னால் போக, நான் என் படைப்பை ரசித்துக்கொண்டு குவாரி லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து பின்னால் வந்தேன். பாதி மலையில் பாதை செங்குத்தாக ஏறும். அந்த இடத்தில் வண்டியின் முன்சக்கரம் தரையை விட்டு எழுந்தது. கல் தடுக்கித் துள்ளுகிறது என்று நினைத்தேன். அது இறங்கவில்லை. நாற்காலியில் பின்னால் சாய்கிற ஆளைப் போல வண்டி சாவகாசமாகச் சாய்ந்தது. தங்கை ஒரு பக்கமாகக் குதித்துவிட்டாள். வண்டி பெட்டியின் மேல் விழுந்தது. மூடுவதில் அத்தனை நிதானம் காட்டிய என் இழுப்பறைகள், திறப்பதில் எந்த நிதானமும் காட்டவில்லை. இருநூற்றுச் சொச்சம் வில்லைகள் சரிவில் உருண்டு வெயிலில் மின்னிக்கொண்டு இறங்கின.

லாரி டிரைவர் பிரேக்கை மிதித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "இந்த வண்டிக்குப் போய் எவன் சார் பீரோ வச்சான்?"

"தெரியலையே" என்றேன்.

அதைச் சொன்ன வாயோடுதான் இறங்கி ஓடினேன். லாரி ஜன்னல் கண்ணாடி இறக்கியிருந்ததும், அவள் பத்தடி தூரத்தில் நின்றிருந்ததும் பிறகுதான் உறைத்தது. அவள் முழங்கையில் தோல் உரிந்திருந்தது. "பெட்ரோல் ஒழுகுதா பாருண்ணா" என்றாள், முதல் வார்த்தையாக. மூன்று பேரும் முட்டி போட்டு வில்லை பொறுக்கினோம். பத்தொன்பது உடைந்திருந்தன. வண்டியை லாரியில் ஏற்றி மேலே கொண்டுபோய் இறக்கினோம்.

மேலே, குவாரிச் சாப்பாட்டுக் கொட்டகையில் ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். கையைக் கழுவிக் கட்டுப் போட்டுக்கொண்டு அவள் வேலையை ஆரம்பித்தாள். நான் எழுத்து அட்டையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றேன். அன்றைக்கு எனக்கு லாயக்கான வேலை அது.

மூன்றாவதாக வந்தவரை எல்லாரும் 'சாக்பீஸ்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பாறையில் எங்கெங்கே துளை போட வேண்டும் என்று சாக்கட்டியால் குறிப்பவர். அந்தக் குறியை நம்பித்தான் துளை, துளையை நம்பித்தான் வெடி. போன மாதம் ஒரு குறி இரண்டடி தள்ளி விழுந்துவிட்டதாம். வெடி வைக்கிறவர் கடைசி நிமிடத்தில் கவனித்ததால் தப்பித்தார்கள். இடது கண்ணுக்கு என்ன வில்லை வேண்டுமோ அதுவே உடைந்த கூட்டத்தில் இருந்தது. "ஒண்ணரை பவர் போச்சு. ஒண்ணையும் அரையையும் சேத்துப் போடறேன்" என்று இரண்டு வில்லைகளைச் சோதனை ஃபிரேமில் ஒன்றன்முன் ஒன்றாகச் செருகினாள். அவர் கடைசிக்கு முந்தின வரி வரைக்கும் கடகடவென்று படித்தார். வலது கண்ணில் விளக்கடித்துப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"புரை நல்லா முத்திடுச்சுங்க. இதுக்குக் கண்ணாடி பத்தாது, ஆபரேஷன்தான்."

"அடுத்த தடவை வர்றேம்மா."

"இதோட மூணு அடுத்த தடவை ஆச்சு. இன்னிக்கே என்கூட வண்டியில வாங்க. ஆஸ்பத்திரியில சேத்துவிட்டுட்டுத்தான் நான் வீட்டுக்குப் போவேன்."

சொல்லிக்கொண்டே வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். அவரும் பார்த்தார். ஆள் உட்கார வேண்டிய இடத்தில், ஒரு பக்கம் நசுங்கிப்போய் என் பீரோ உட்கார்ந்திருந்தது.

"இடம் இல்லையேம்மா!" என்றார் சாக்பீஸ். அவ்வளவு சந்தோஷமாக அந்தச் சொல்லை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எழுந்து விறுவிறுவென்று பாறைப் பக்கம் போய்விட்டார்.

டிரைவரின் ஸ்பானரால் பெட்டியைக் கழற்றி லாரியில் ஏற்றினோம்; அதற்குப் பிறகும் சாக்பீஸ் கண்ணில் படவில்லை. அது லாரியின் பின்னால், நான் முன்னால். இரண்டு பேரும் குலுங்கிக்கொண்டே இறங்கினோம்.

சாயங்காலம் அவள் வீட்டில் நான்தான் ஆரம்பித்தேன். "பின்சீட்டு ஆளுக்கு வேணும்னு நீ சொல்லலையே."

"ஆரம்பிச்சேன். நீ முடிச்சுட்டே."

அந்த சீட்டில் இதுவரைக்கும் நாற்பத்தொரு பேரைக் கீழே ஆஸ்பத்திரியில் இறக்கியிருக்கிறாளாம். "தனியா அனுப்பினா பஸ் ஸ்டாண்டுல ஒரு டீயைக் குடிச்சுட்டுத் திரும்பி மலை ஏறிடுவாங்கண்ணா. பயம். பின்னாடி உக்கார வச்சுட்டா நடுவழியில இறங்க முடியாதுல்ல?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டே, "நான் லாரிக்காரர்கிட்ட சொன்னது..." என்றேன்.

"கேட்டுச்சு."

"நீ ஒண்ணுமே சொல்லலையே."

"லாரிக்காரர் முன்னாடி அண்ணனைக் காட்டிக் கொடுக்கவா? வீட்டுல சொல்லிக்கலாம்னு வச்சிருந்தேன். எங்க சொல்றது, அதுக்குள்ள நீயே மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்துட்டே." இதைச் சொல்லும்போது அவள் முழங்கைக் கட்டை மாற்றிக்கொண்டிருந்தாள். மருந்து எரிந்ததால் முகம் சுளித்தாளா, என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினாளா என்று தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளே வேலையில் இறங்கினாள். லாரித் தார்ப்பாய் தைக்கிறவரிடம் இரண்டு பை தைத்து வாங்கி வந்தாள். அவற்றை வண்டியின் இரு பக்கமும், எவ்வளவு கீழே முடியுமோ அவ்வளவு கீழே, தன் கணுக்காலுக்கு எட்டுகிற உயரத்தில் தொங்கவிட்டாள். வலது பக்கம் புகைக்குழாய் கொதிக்கும். பழைய கேக் தட்டு ஒன்றை வெட்டி, பைக்கும் குழாய்க்கும் நடுவே தடுப்பாகப் பூட்டினாள். வில்லைப்பெட்டிக்கு டேங்கின் மேல், தன் இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே இடம். "வண்டியில கம்மியா ஆடுற இடம் இதுதான். எனக்கு அடிபடாம அதுக்கு அடிபடாது." எழுத்து அட்டையைச் சுருட்டி, மூடி போட்ட ஒரு தண்ணீர்க் குழாய்த் துண்டில் நுழைத்து, ஹெட்லைட்டுக்குக் கீழே கட்டினாள். வார்களின் தொங்கும் நுனிகளை ஒவ்வொன்றாக உள்ளே மடித்துச் செருகினாள், செயினில் சிக்கிவிடக் கூடாதென்று. எல்லாம் சேர்த்து ஒன்பது கிலோ. பின்சீட்டின் மேல் ஒரு குண்டூசிகூட இல்லை.

அன்று முழுவதும் என்னிடம் அவள் கேட்ட உதவி ஒன்றுதான். "அண்ணா, வண்டியைச் சாயாம பிடிச்சுக்கோ." நாலு மணி நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன். நடுவில் இரண்டு யோசனைகள் வந்தன. இரண்டையும் விழுங்கினேன். அலுமினியப் பெட்டி இப்போது எங்கள் சமையலறையில் இருக்கிறது. என் மனைவி அதில் உருளைக்கிழங்கு போட்டு வைத்திருக்கிறாள். மெதுவாக மூடுகிறது என்று அவளுக்கு ரொம்பப் பெருமை.

மறு மாதம் குவாரிக்குப் புறப்படும்போது தங்கை போன் செய்தாள். "எழுபது கிலோல ஓர் ஆள் வேணும். கனம் ஏத்தி மலை ஏறுதான்னு பாக்கணும். வர்றியா?" இருபத்திரண்டு வருட அனுபவத்தை ஒருவரும் இவ்வளவு துல்லியமாக மதிப்பிட்டதில்லை. போனேன். அதே ஏற்றத்தில் முன்சக்கரம் தரையை விட்டு இம்மியும் எழவில்லை. நான்தான் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தேன்.

மதியத்துக்குள் கொட்டகை வேலை முடிந்தது. கிளம்புகிற நினைப்பில் நான் முன்னதாகவே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தேன். அவள் சாக்பீஸைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள்.

"ஃபோர்மேன்கிட்ட சொல்லணும்மா."

"நான் சொல்லிக்கறேன், போய்யா" என்றார் கொட்டகை வாசலில் நின்ற ஃபோர்மேன்.

"சட்டை மாத்தணும்."

"அங்க போனா அவங்களே வேற சட்டைதான் குடுப்பாங்க" என்றாள் தங்கை.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். அந்த மலையில் அவருக்கு மிச்சமிருந்த ஒரே சாக்கு நான்தான். "சார் உக்காந்திருக்காரேம்மா" என்றார்.

தங்கை என் பக்கம் வந்தாள். என் தாடைக்குக் கீழே கைவிட்டு வாரைத் தளர்த்தினாள். ஹெல்மெட்டை என் தலையிலிருந்து உருவி எடுத்து, உள்பக்கத்து வியர்வையைத் தன் துப்பட்டாவால் ஒரு தடவை துடைத்தாள். பிறகு அதை அவர் தலையில் வைத்து, முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்து, வாரைப் பூட்டினாள்.