ஏழு கிலோவுக்கு மேல் ஆகாது

கலைச்செல்விக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. மும்பை சயானில் ஒரு மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் பதினாறு வருஷம் எப்படித்தான் நின்றாளோ, கடைக்காரர் கடையை விற்றுவிட்டுத் தாணேக்குக் குடிபோன அன்றைக்கே குவாஹாத்திக்கு டிக்கெட் போட்டுவிட்டாள். ஆறு மாதம். அங்கிருந்து ஊர் ஊராக, மலை மலையாகச் சுற்றுவது என்று திட்டம். முப்பத்தேழு வயதுக்காரி, கல்யாணம் வேண்டாமென்று இருந்தவள், தாராவியில் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் அம்மா, தம்பி, தம்பி பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள் என்று எல்லோரோடும் கால் மாற்றிக் கால் வைத்துப் படுக்கிறவள். இந்த ஆசை வந்ததில் என்ன ஆச்சரியம்? இவ்வளவு தாமதமாக வந்ததுதான் ஆச்சரியம்.

தம்பி சுரேந்திரன் பை தைக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறான். அக்காவுக்கென்று முதுகுப்பை ஒன்றை அவனே தைத்துக் கொடுத்தான். மருந்துக்கடைக்கு வந்துபோகும் வசதிக்கார மாட்டுங்கா ஹரிதா, இரண்டு வருஷம் இப்படிச் சுற்றியவள், ஒரே ஒரு புத்திமதி சொல்லியிருந்தாள். பை ஏழு கிலோவுக்கு மேல் போகக் கூடாது. கட்டி முடித்ததும் முதுகில் மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்து பார்க்க வேண்டும்.

கலைச்செல்வி சிரித்துக்கொண்டாள். சாமான் அடுக்குவதைப் பற்றித் தாராவிக்காரிக்கு மாட்டுங்காக்காரி சொல்லித்தருவதா? ஆறு பேரின் துணிமணி, பாத்திரம், பிள்ளைகளின் புத்தகம், தீபாவளிக்கு வாங்கிய மிக்ஸி எல்லாவற்றையும் ஒரு பரணில் ஏற்றியவள் அவள். ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்து கட்டினாள். கிண்ணத்துக்குள் டம்ளர், டம்ளருக்குள் சாக்ஸ், சாக்ஸுக்குள் டார்ச். இரண்டு ஜீன்ஸைக் கயிறு போல முறுக்கிப் பக்கவாட்டில் செருகினாள். பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய், சின்ன இஸ்திரிப்பெட்டி, அரை லிட்டர் தேங்காய் எண்ணெய். ஒரு விரல் நுழைய இடமில்லாமல் அடைத்து ஜிப்பை இழுத்து மூடியபோது பை பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பையை விடக் கொஞ்சம்தான் பெரிதாக இருந்தது. அவளுக்கே தன் சாமர்த்தியத்தைப் பார்த்துப் பெருமை தாங்கவில்லை.

அதை மாட்டிக்கொண்டு நைன்ட்டி ஃபீட் ரோடு வழியாகக் கிங்ஸ் சர்க்கிள் நோக்கி நடந்தாள். பாதி தூரம் போவதற்குள் தோள்பட்டை இற்றுப்போய்விட்டது. வழியில் மூடியிருந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்க முடியாமல் பையைக் கழற்றிவிட்டு எழுந்தாள். திரும்பும் வழியில் பழைய இரும்பும் பிளாஸ்டிக்கும் வாங்கும் கரீம் பாட்சாவின் தராசில் அதைத் தூக்கி வைத்தாள். பதினாலரை கிலோ.

"பை சின்னதா இருக்கும்மா, கனம் எங்கருந்து வந்துச்சு?" என்று கேட்டார் அவர்.

இடத்தை மிச்சம் பிடிக்கத்தான் அவளுக்குத் தெரியும். அந்த அறையில் பிறந்து வளர்ந்த எவளுக்கும் தெரியும். கனத்தைப் பற்றி யார் யோசித்தார்கள்? பரணுக்கு முதுகு வலிக்குமா என்ன?

திங்கட்கிழமை பூராவும் பிரிப்பதும் கட்டுவதுமாக இருந்தாள். உட்காருவாள், எழுந்து வாசலுக்குப் போவாள், திரும்ப வந்து ஜிப்பைத் திறப்பாள். இஸ்திரிப்பெட்டி போயிற்று. ஜீன்ஸ் போயிற்று. ஊறுகாய் போனதில் மட்டும் தம்பி பிள்ளைகளுக்குச் சந்தோஷம். செவ்வாய்க்கிழமை மறுபடி கரீம் பாட்சாவிடம் போனாள். ஒன்பது கிலோ. வியாழக்கிழமை காலை குர்லாவில் ரயில். இன்னும் இரண்டு கிலோ எங்கே இருக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

மத்தியானம் சாப்பிட வந்த சுரேந்திரன்தான் பைக்குள் கைவிட்டு அதை வெளியே எடுத்தான். வீட்டுக் காகிதங்கள் இருக்கும் ஃபைல். தாராவியை இடித்துக் கட்டச் சர்வே எடுக்க வந்தால் இந்த வீடு தங்களுடையது என்று காட்ட இருப்பது இது ஒன்றுதான். ரேஷன் கார்டு, குடிசைவாசிகளுக்குச் சர்க்கார் கொடுத்த அப்பா காலத்து ஃபோட்டோ பாஸ், முப்பது வருஷத்து லைட் பில், வாக்காளர் பட்டியல் நகல் எல்லாம் தனித்தனி பிளாஸ்டிக் உறையில். இரண்டாயிரத்து ஐந்து வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் அவள் தலையில் வைத்துக் காப்பாற்றியது. அதையும் ஒரு சாமானாக அவள் எண்ணியதே இல்லை.

"இது எதுக்குக்கா மலைக்கு? சர்வேக்காரங்க வந்தா நான் என்னத்தக் காட்ட?"

"ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புதேன். இல்லன்னா திரும்பி வந்துருதேன். ஒனக்கு எது எங்க இருக்குன்னு தெரியுமா?" என்றாள் கலைச்செல்வி.

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்னவென்று அவளுக்கே உறைத்தது. திரும்பி வந்துவிடுகிறேன். இன்னும் போகவே இல்லை, அதற்குள் திரும்பி வரக் காரணத்தைப் பையில் வைத்துக் கட்டியாயிற்று.

அதுவரை சுவரோரம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா சொர்ணம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு ஃபைலை வாங்கினாள். அவளுக்கு எழுத்துக் கூட்டவும் தெரியாது. ஒவ்வோர் உறையாக எடுத்துத் தரையில் வைத்தாள். மஞ்சள் கறை படிந்தது ரேஷன் கார்டு என்றாள். மூலை கிழிந்தது ஃபோட்டோ பாஸ். நீலமாக நீண்டிருப்பது அப்பா பெயரில் வந்த முதல் லைட் பில். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"நீ எட்டாப்பு படிக்கையிலதானட்டி இத ஒங்கிட்ட குடுத்தேன். அதுக்கு முந்தி பதினஞ்சு வருசம் யாரு வச்சிருந்தா? நீ இல்லன்னா இந்த வீடு நிக்காதுன்னு நெனச்சிருக்க. நிக்கும். போயிட்டு வா."

நியாயமாக அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்தான். பதின்மூன்று வயதிலிருந்து இந்த வீட்டைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்ததாக நினைத்திருந்தாள். இறக்கி வைக்கச் சொல்ல அம்மாவுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியதைத் தம்பி பார்க்காமலிருக்கப் பையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அம்மா காகிதங்களைப் பழையபடி அடுக்கித் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுக் கீரைக்குத் திரும்பினாள். கலைச்செல்வி பையைத் தூக்கித் தோளில் மாட்டினாள். வார்கள் அழுத்தவே இல்லை. எழுந்து நின்றாள், வாசல்வரை நடந்தாள். போகாமல் இருக்க இனி ஒரு காரணமும் இல்லை என்பது அங்கே நின்றபோதுதான் தெரிந்தது. டிக்கெட் எடுத்த நாளிலிருந்து இல்லாத பயம் அப்போது வந்தது.