அழித்தவற்றின் பட்டியலும் தேவர்சோலை நர்ஸம்மாவும்

கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்துக்கு, அருவங்காட்டில் எங்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். கணவர் தொழிற்சாலைக்குக் கிளம்பியதும் சாப்பாட்டு மேசைதான் எனக்கு ஆபீஸ். மென்பொருளில் உள்ள ஒவ்வொரு கருவியும் என்ன செய்யும், என்ன செய்யாது என்று விளக்கக் குறிப்பு எழுதுவது என் வேலை. முன்பெல்லாம் அவற்றை மனிதர்கள் படித்தார்கள். இப்போது ஏ.ஐ. ஏஜென்ட்டுகள் படிக்கின்றன. யாராவது ஒரு வேலையைச் சொன்னால், ஏஜென்ட் என் குறிப்பைப் பார்த்து எந்தக் கருவியை எடுப்பது என்று தானே முடிவு செய்துகொள்ளும்.

போன வருட மழைக்காலத்தில் அப்படி ஒரு கருவிக்குக் குறிப்பு எழுதினேன். எங்கள் மென்பொருளில் ஒரு ஃபைலை அழித்தால் அது உடனே போய்விடாது. முப்பது நாள் குப்பைக்கூடையில் கிடக்கும். கூடையில் என்னென்ன கிடக்கின்றன என்று ஏஜென்ட்டுக்குப் பட்டியல் தருவதுதான் அந்தக் கருவி. சின்ன வேலை, ஒரு காலையில் முடித்துவிட்டேன். "அழிக்கப்பட்ட எல்லாவற்றையும் பட்டியலிடும்" என்பது முதல் வரி. படித்துப் பார்த்தபோது திருப்தியாகவே இருந்தது.

மென்பொருளை முதலில் சில சிறு அலுவலகங்களுக்கு மட்டும் கொடுத்திருந்தார்கள். நீலகிரியில் இருப்பவர்கள் சந்தேகம் கேட்க என் எண். தேவர்சோலைப் பக்கம் ஓர் எஸ்டேட் மருத்துவமனையின் நர்ஸம்மா ஒரு நாள் கூப்பிட்டார். அதுவரை நான் அவரைப் பார்த்ததில்லை.

"ஏனுங்க, வேலையா இருந்தா அப்புறம் பேசறனுங்க."

"இல்லைங்கம்மா, சொல்லுங்க."

"தோட்டத்து ஆளுங்க குடியிருக்கற லயன் வீடுகள்ல மாசமா இருக்கற பொண்ணுங்க லிஸ்ட்டுங்க. யாருக்கு எப்பத் தேதி, யாருக்கு ரத்தம் கொறவு, எல்லாம் அதுலதான் இருந்துச்சு. பழசைச் சுத்தம் பண்றப்ப அதையும் சேத்து நானே அழிச்சுட்டேன். மாசம் ஒருக்காத்தான் தொறக்கறது, அதனால முந்தாநாள்தான் தெரிஞ்சுது. ஏஜென்ட்டக் கேட்டா, அழிச்சதுல அப்படி ஒண்ணு இல்லவே இல்லைங்குது. சரி, மறுபடி லயன் லயனாப் போயி எழுதிக்கலாம்னு ஆரம்பிச்சுட்டனுங்க."

அழித்து இருபத்தெட்டு நாள் ஆகியிருந்தது. நான் ஏதோ ஆறுதல் சொல்லப் போனேன். அவர் இடையில் நிறுத்தினார்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சுக்காதீங்க. அது எவ்வளவு தூரம் பாத்துட்டு இல்லைன்னு சொல்லுதுங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை என்று சொல்ல ஆசை. ஆனால் தெரிந்திருந்தது. அந்தக் கருவி ஒரு தடவைக்கு ஐம்பது பெயர்கள்தான் தரும். இன்னும் இருந்தால் கடைசியில் ஒரு குறி வைக்கும்; அதைக் காட்டி மறுபடி கேட்க வேண்டும். கருவியைச் செய்த எஞ்சினியர் இதை எனக்கு எழுதியே அனுப்பியிருந்தார். சில்லறை விஷயம் என்று நான்தான் விட்டுவிட்டேன். மனிதர் என்றால் கீழே இன்னும் இருக்குமோ என்று தள்ளிப் பார்த்திருப்பார். ஏஜென்ட் என் வரியை நம்பியது. ஐம்பதைப் பார்த்தது, அதுதான் எல்லாம் என்று எடுத்துக்கொண்டது.

இன்னும் இரண்டு நாள் போனால் அந்த ஃபைலை யாராலும் எடுக்க முடியாது. அரை மணி நேரம் பொறுக்கச் சொல்லிவிட்டு, குறிப்பைத் திருத்தி எழுத உட்கார்ந்தேன். ஒரு தடவைக்கு ஐம்பது மட்டுமே வரும். குறி இருக்கும்வரை மறுபடி கேட்க வேண்டும். கடைசிவரை பார்க்காமல் இல்லை என்று சொல்லக் கூடாது. பாதியில் நின்றால் எதுவரை பார்த்தது என்று சொல்ல வேண்டும். இவ்வளவுதான். எஞ்சினியர் உடனே ஏற்றிக் கொடுத்தார்.

"இப்பக் கேட்டுப் பாருங்கம்மா."

அந்தப் பக்கம் தகரக் கூரையில் மழை அடிக்கும் சத்தத்துக்கு நடுவே அவர் ஏஜென்ட்டை மறுபடி கேட்டார்.

"மூணாவது தடவையாப் பாக்குதுங்க... ஆங், கெடச்சிருச்சுங்க. திரும்ப எடுக்கட்டுமான்னு கேக்குது."

"எடுக்கச் சொல்லுங்க." சொல்லிவிட்டு, தப்பு என்னுடையது, அந்த வரியை எழுதியது நான்தான் என்றேன்.

"நீங்க எழுதினதுதானுங்களா? அப்ப சரியான ஆளுகிட்டத்தான் கேட்டிருக்கேன்" என்றார். அவ்வளவுதான். கோபப்பட அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது.

சில வாரம் கழித்துக் கூடலூர் பஸ் ஏறி அவரைப் பார்க்கப் போனேன். ஐம்பது வயதிருக்கும், சேலைக்கு மேல் ஸ்வெட்டர், காலில் ரப்பர் பூட்ஸ். பட்டியல் திரும்பி வருவதற்கு முன் இரண்டு நாள் லயன்களில் அலைந்து எழுதிய நோட்டைக் காட்டினார். அதில் ஒரு பெயர் மட்டும் பழைய பட்டியலில் இல்லாதது. ஜார்க்கண்டிலிருந்து புதிதாக வேலைக்கு வந்திருந்த பெண், ஐந்து மாதம். மொழி தெரியாததால் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

"லிஸ்ட்டு தொலையாம இருந்திருந்தா அந்தக் கடைசி லயனுக்கு நான் இப்பப் போயிருக்கவே மாட்டனுங்க. இருக்கற பேருக்கு மட்டும் மாத்திரை குடுத்துட்டு இருந்திருப்பேன்."

அன்று அந்தப் பெண்ணும் பரிசோதனைக்கு வந்திருந்தாள். நர்ஸம்மா தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் ஏதோ கேட்க, அவள் சிரித்துவிட்டாள். நர்ஸம்மாவும் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து என் மற்ற குறிப்புகளையும் எடுத்துப் படித்தேன். இன்னும் இரண்டு இடத்தில் அதே மாதிரி "எல்லாம்" என்று எழுதி வைத்திருந்தேன். திருத்தினேன். பத்து வருடமாக இந்த வேலையில் என்னைத் திருத்தியவர்கள் பலர். இவ்வளவு மென்மையாக, இவ்வளவு சரியாக ஒரு கேள்வி கேட்டுத் திருத்தியவர் அவர் ஒருவர்தான்.

ஐப்பசியில் அந்தப் பெண்ணுக்கு மகள் பிறந்த செய்தியை நர்ஸம்மா எனக்கு அனுப்பியிருந்தார். அம்மாவும் பிள்ளையும் நலம், எடை இரண்டே முக்கால் கிலோ.