வீடு யார் பேரில்?

யாழ்ப்பாணத்தில் காணிப் பதிவுக் கந்தோரில் வேலை பார்த்த காலம் முழுவதும் மற்றவர்களின் பெயர்களைத்தான் எழுதினேன். விற்றவர், வாங்கியவர், ஈடு வைத்தவர், ஈடு மீட்டவர், மீட்காமலே செத்தவர். என் பேரில் ஒரு பரப்புக் காணிகூட இருந்ததில்லை. நான் குடியிருந்த வீடு மனைவிக்குச் சீதனமாக வந்தது. எங்கள் பக்கத்தில் பெண் வீட்டோடு வருவாள். ஆண் பெட்டியோடு வருவான்.

ஆனால் தேசவழமைச் சட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. வீடு மனைவியுடையதுதான், அதை விற்பதற்கோ ஈடு வைப்பதற்கோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். தன் தம்பியை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்காக அவள் ஒருமுறை வீட்டை ஈடு வைத்தாள். நான் சம்மதித்துக் கையெழுத்திட்டேன். என் பெயர் ஒரு பத்திரத்தில் ஏறியது அந்த ஒரு தடவைதான். கடைசிப் பக்கத்தில், அடியில்.

ஊரைவிட்டு ரொறன்ரோவுக்கு வந்த பிறகு, தொண்ணூறுகளின் நடுவில், சென் ஜேம்ஸ் ரவுணில் அடிக்கடி லிப்ட் நின்றுபோகும் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்துகொண்டு, அதே நகரின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு சிறிய வீடு வாங்கத் தீர்மானித்தோம். எனக்கு ஒரே ஒரு ஆசைதான். உறுதிப் பத்திரத்தில் வாங்குபவர் என்ற இடத்தில் என் பெயர் இருக்க வேண்டும். வீடு என்றால் அது தன் பேரில்தான் இருக்கும் என்பது மனைவியின் எண்ணம். அவள் எண்ணம் எனக்குத் தெரியும், என் ஆசை அவளுக்குத் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கல்யாணங்கள் நீடிப்பது இப்படித்தான்.

வீட்டு ஏஜென்ற் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பொடியன். சனிக்கிழமை காலையில் வந்து சோபாவில் உட்கார்ந்தான்.

“அங்கிள், லோயரைப் பற்றி யோசியாதேங்கோ. எங்கட ஆள் ஒருத்தர் இருக்கிறார். போய்க் கையெழுத்து வைச்சாச் சரி.”

“உறுதி ஆர் தேடுறது?”

“அதெல்லாம் அவையள் பாப்பினம்.”

“எத்தினை வருஷத்துக்குப் பின்னாலை போய்த் தேடுவினம்?”

அவன் என் மனைவியைப் பார்த்தான். “அன்ரி, அங்கிள் எப்பவும் இப்பிடியோ?”

“இண்டைக்கு லீவு நாள் தம்பி. அதாலை கொஞ்சம் குறைவு,” என்றாள்.

அந்த லோயரிடம் போனேன். மேசையில் ஒரு கிண்ணம் நிறைய இனிப்பு இருந்தது. விற்பவருக்கும் அவர்தான் லோயர் என்பதை ஒரு சலுகைபோலச் சொன்னார். “ரண்டு பக்கமும் நான்தான் அண்ணை. ஒரு பிரச்சினையும் வராது.” அப்படிப் பிரச்சினையே வராமல் கைமாறிய காணிகளின் வழக்குத் தீர்ப்புகளைப் பதிந்தே என் இளமை போனது. நன்றி சொல்லி ஒரு இனிப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த கிழமை வேலைக்கு ஒருநாள் லீவு போட்டுவிட்டு ரொறன்ரோவின் காணிப் பதிவுக் கந்தோருக்குப் போனேன். சுவரோரம் கிடந்த வாங்கில் உட்கார்ந்து, யார் வருகிறார்கள், எப்படித் தேடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் லோயர்மார் அனுப்பிய இளம்பிள்ளைகள். பாதிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு மீதியைக் கோப்பியோடு விழுங்கினார்கள். ஒரு கிழவர் மட்டும், முழங்கை தேய்ந்த கோட்டோடு, பழைய புத்தகம் ஒன்றில் விரலை வைத்து வரி வரியாக வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்தைத் திருப்பியவர் சந்தேகம் வந்து திரும்பவும் முன்பக்கத்துக்குப் போனார். நான் எழுந்து போய், அவர் லோயரா என்று கேட்டேன். ஆம் என்றார். வீடு ஒன்று வாங்குகிறேன் என்றேன். வாழ்த்துச் சொல்லவில்லை. காணியின் சேர்வே வரைபடம் இருக்கிறதா, அது எந்த ஆண்டில் கீறியது என்று கேட்டார். எனக்கு லோயர் கிடைத்துவிட்டார்.

“கந்தோரிலை குந்தியிருந்த கிழவனைப் பிடிச்சுக்கொண்டு வந்திருக்கிறியள்,” என்றான் ஏஜென்ற்.

அவருக்கு இலக்கமிட்ட கேள்விகளோடு ஒரு கடிதம் எழுதினேன். பின்வளவில் யாருக்காவது குழாய் பதிக்கும் உரிமை இருக்கிறதா, பழைய மோட்கேஜ் முறைப்படி தீர்க்கப்பட்டிருக்கிறதா, வேலி எல்லையில்தான் நிற்கிறதா, எத்தனை வருஷத்துக்குப் பின்னால் போய்த் தேடுவீர்கள். எல்லாவற்றுக்கும் வரிசையாகப் பதில் வந்தது. கடைசிக் கேள்விக்கு எதிரே, ‘இது என் வேலை, உங்களுடையது அல்ல’ என்று எழுதியிருந்தார். என் கடிதத்தை வாசித்த நேரத்துக்கும் பில்லில் ஒரு வரி இருந்தது. நியாயம்தான்.

கையெழுத்து வைக்கும் நாளில் மனைவி கைப்பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள். அதற்குள் ஊர் வீட்டின் சீதன உறுதி, பொலித்தீன் பையில் சுற்றி இருந்தது.

“உது என்னத்துக்கு?” என்றேன்.

“லோயரிட்டைப் போறதுக்கு உறுதி கொண்டுபோகாமல் போறதோ?”

லோயர் அதை வாங்கி, வாசிக்கத் தெரியாத எழுத்துகளைப் பக்கம் பக்கமாகத் திருப்பினார். முத்திரைகளை விரலால் தடவிப் பார்த்தார். இந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். இராணுவம் என்றேன். அவர் உறுதியை மடித்து, என்னிடம் தராமல், அவளிடம் கொடுத்தார்.

பிறகு பேனாவை எடுத்து, வீடு யார் பேரில் என்று கேட்டார். நான் ஆங்கிலத்தில் சுருக்கமாகப் பதில் சொன்னேன்.

“என்னவாம்?” என்றாள் மனைவி.

“வீடு ஆற்ற பேரிலை எண்டு கேக்கிறார்.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“இன்னும் ஒண்டும் சொல்லேல்லை.”

“மை நேம் எண்டு எனக்குக் கேட்டது.”

லோயர் பேனாவைக் கீழே வைத்தார். அவள் பக்கம் திரும்பி மெதுவாக விளக்கினார். ஒருவர் பேரில் எழுதலாம், அல்லது இருவர் பேரிலும் எழுதலாம். யார் பேரில் எழுதினாலும், இருவரும் குடியிருக்கும் வீட்டை மற்றவர் கையெழுத்தில்லாமல் விற்க முடியாது, ஈடு வைக்கவும் முடியாது. அது இந்த மாகாணத்தின் சட்டம். இதைச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் வெளியே இருக்கும்படி என்னிடம் சொன்னார். நான்தான் மொழிபெயர்ப்பாளர் என்றேன். அதனால்தான் என்றார்.

வெளியே போய் உட்கார்ந்தேன். சரியான நடைமுறைதான். எங்கள் பக்கத்தில் உறுதி எழுதும் நொத்தாரிசுமாரில் ஒருவரும் அதைச் செய்து நான் பார்த்ததில்லை. கதவுக்குப் பின்னால் அவளுடைய ஆங்கிலம் கேட்டது. துண்டு துண்டாக, ஆனால் பயமில்லாமல். ஒருமுறை கிழவர் சிரித்தார். சிரிக்கக் கூடியவர் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

கதவு திறந்தபோது, கணவர் பேரில் எழுதுவதற்கு உங்கள் மனைவி சம்மதிக்கிறார் என்றார். தோற்றால் என்ன பேசுவது என்று ஆயத்தம் செய்து வைத்திருந்தேன். வென்றால் பேச ஒன்றும் வைத்திருக்கவில்லை. கையெழுத்து வைத்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். “என்னப்பா, விட்டுக்குடுத்திட்டீர்?”

“என்ர பேரிலை ஒரு வீடு இருக்குத்தானே. இந்தா, பையுக்கை கிடக்கு. பேராலை என்னத்தைக் கண்டன்? போய் முற்றம் கூட்டக்கூட ஏலாது.”

அவள் பையின் சிப்பை இழுத்து மூடினாள்.

“இதை நான் ஓம் எண்டாத்தான் விக்கலாமாம். அந்த மனிசனிட்டை ரண்டு தரம் கேட்டனான். எனக்கு அது காணும். பேரை நீங்கள் வைச்சிருங்கோ.”

பேரை வைத்துக்கொண்டேன். வீட்டு வரி என் பேருக்கு வந்தது. தண்ணீர்ப் பில் என் பேருக்கு வந்தது. நடைபாதையில் பனி அள்ளவில்லை என்று மாநகரசபையின் எச்சரிக்கையும் என் பேருக்குத்தான் வந்தது. மனைவியை அக்கா என்று கூப்பிடும் உறவினர்கள் அதை அக்கா வீடு என்றார்கள்.

ஓய்வு பெற்று முதுகும் தளர்ந்த பிறகு, வீட்டை விற்றுவிட்டு ஒஷாவாவில் ஒரு அப்பார்ட்மென்ற் எடுக்கலாம் என்று நினைத்தேன். அங்கே பனி அள்ளுவது வேறொருவருடைய பிரச்சினை. அதே ஏஜென்ற், இப்போது நரையும் தொப்பையும் வைத்து, பத்திரங்களோடு வந்தான். உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர் அச்சாகியிருந்தது. ஆறுதலாக, அழகாகக் கையெழுத்திட்டேன். அதன் கீழே வாழ்க்கைத்துணையின் சம்மதத்துக்கு ஒரு கோடு. மனைவி கண்ணாடியைப் போட்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தாள். பிறகு பேனாவை மூடினாள்.

“மாட்டன்.”

“அன்ரி, அங்கிள்தானே ஓனர்?” என்றான் அவன்.

“ஓம், ஓனர் அவர்தான். அவரைக் கொண்டுபோய் ஒஷாவாவிலை விடுங்கோ தம்பி. வீடு இஞ்சை இருக்கட்டும்.”

ஊரில் ஈடு வைத்தபோது அதே சம்மதக் கோடு என்னிடம் இருந்தது. மாட்டேன் என்று சொல்லலாம் என்பது எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. சட்டத்தை நன்றாக வாசித்தவன் நான்தான்.

காலையிலிருந்து பனி கொட்டுகிறது. நடைபாதை என் பேரில் இருக்கிறது. எழுந்து பனி அள்ளும் சவளை எடுக்க வேண்டும்.