எட்டு முழப் பட்டில் ஒரு கல்யாணச் சட்டை

என் கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில், மாப்பிள்ளையின் கோட்டு எலவனாசூர்கோட்டையில் நின்றுவிட்டது. இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருடங்கள் அவை. ரோட்டின் குறுக்கே புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். கோட்டு சூட்டைச் சென்னையில் தைத்து எடுத்துவந்த மாப்பிள்ளையின் அண்ணன், கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த மருந்துக்கடைக்குப் போன் செய்தார். பஸ்ஸை வந்த வழியே திருப்புகிறார்கள், கைக்குழந்தையோடு நடந்து வர முடியாது, கல்யாணத்தை நிறுத்த வேண்டாம் என்றார்.

மாப்பிள்ளை கல்வராயன் மலையில் பள்ளிக்கூட வாத்தியார். மலைப்பக்கம் பாதை திறந்திருந்ததால் முந்தின நாளே இறங்கி வந்துவிட்டார். அவருடைய அம்மா அப்பா மூங்கில்துறைப்பட்டிலிருந்து கரும்பு டிராக்டரில் சங்கராபுரம் வழியாக வந்து சேர்ந்தார்கள். அண்ணன் குடும்பத்தைத் தவிர ஆள் எல்லாம் வந்தாயிற்று, கோட்டு மட்டும் வரவில்லை.

இதற்கா இவ்வளவு கவலை என்று இன்றைக்குத் தோன்றும். எங்கள் கிறிஸ்தவக் குடும்பங்களில் அப்போது சம்பளக்காரன் கல்யாணம் என்றால் கோட்டு, கூலிக்காரன் கல்யாணம் என்றால் வேட்டி. அப்பாவுக்கு முகமே செத்துவிட்டது.

"நானும் வேட்டி கட்டிக்கினுதான் சர்ச்சுல நின்னேன். அன்னிக்கு கோட்டுக்கு வக்கில்ல. வாத்தியாரு மாப்ள புடிச்சும் அதே வேட்டியா?" என்றார்.

"வேட்டியில இன்னாப்பா கொறச்சல்? மேல போடுற சட்டை நல்லா இருந்தா, வேட்டி எங்க வேணா நிக்கும்" என்றேன்.

பேச்சு வாக்கில் சொல்லிவிட்டேனே தவிர, சொன்ன பிறகுதான் எனக்கே யோசனை வந்தது. கன்னியர் மடத்தில் தையல் படித்திருந்தேன். தெருவில் பாதி ஜாக்கெட் என் மிஷினில்தான் ஓடியது. மறுவீட்டுக்கு மாப்பிள்ளை கட்டுவதற்காக அப்பா எடுத்த எட்டு முழப் பட்டு வேட்டி பீரோவில் இருந்தது. சந்தன நிறம், விரல் அகல ஜரிகை. நாலு முழம் இடுப்புக்கு, நாலு முழம் சட்டைக்கு.

"பட்டு வேட்டியை வெட்றதா?" என்று அம்மா வாயில் கை வைத்தாள். அப்பா பீரோ சாவியை எடுத்து மிஷின் மேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அளவு வேண்டுமே. மாப்பிள்ளை தங்கியிருந்த வீட்டுக்கு டேப்பை எடுத்துக்கொண்டு நானே போனேன். அங்கே ஒரே சிரிப்பு.

"கல்யாணப் பொண்ணே வந்து அளவு எடுக்குதா! இன்னா கூத்துடி இது!"

மாப்பிள்ளை எழுந்து நின்றார். பெண் பார்க்க வந்த அன்று பேசியதோடு சரி, அதற்கப்புறம் அவ்வளவு பக்கத்தில் நான் அவரைப் பார்க்கவில்லை.

"கோட்டுல ஒரு போட்டோ எடுக்கணும்னு எங்க அம்மாக்கு ரொம்ப ஆசை. அதான் ஒரு மாதிரியா கீது. மத்தபடி எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

"அத்தைக்குப் புடிக்கிற மாதிரி தெச்சித் தரேங்க. தோளைத் தூக்காம நில்லுங்க."

காது மடல் சிவக்க, அசையாமல் நின்றார்.

பட்டு கத்தரிக்கு வழுக்கும். முதல் வெட்டுக்கு முன் ஊசி குத்தி அளவை இரண்டு தரம் பார்த்தேன். ஜரிகைக் கரையை வீணாக்காமல் பட்டன் பட்டிக்கு நேராக இறக்கினேன். மிச்சக் கரையைச் சட்டைக் கை நுனியிலும் கழுத்திலும் சுற்றினேன். மடங்கும் காலர் வைத்தால் வழக்கமான சட்டை ஆகிவிடும் என்று, கழுத்தை ஒட்டி நிமிர்ந்து நிற்கும் சைனீஸ் காலர் வைத்தேன். ஜரிகை கழுத்தை அறுக்குமே, உள்ளே மெல்லிய பாப்ளின் துணி கொடுத்தேன். அப்படி ஒரு சட்டையை நான் எங்கும் பார்த்ததில்லை. சாயங்காலம் இஸ்திரி போட்டு மாட்டியபோது, அம்மா அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மறுநாள் காலையில் கடைகள் எல்லாம் சாத்தியிருந்தன. நாங்கள் சர்ச்சுக்கு நடந்தே போனோம். தெரு முக்கில் போராட்டக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள், எங்கள் ஊர்ப் பையன்கள்தான். படிப்பிலும் வேலையிலும் இடம் கேட்டு உட்கார்ந்திருந்தவர்கள், மாப்பிள்ளையைப் பார்த்ததும் எழுந்து வழி விட்டார்கள்.

"வாத்தியாரே, சட்டை சூப்பரா கீது! எந்தக் கடை?" என்று ஒருவன் கத்தினான்.

அவர் திரும்பி, "கடை இல்லப்பா. பொண்ணு வூட்ல தெச்சது" என்றார். அந்த 'பொண்ணு' தலை குனிந்து நடக்க வேண்டிய நேரம் அது. என்னால் குனிய முடியவில்லை.

பூசை முடிந்து பங்குச் சாமியார் ஆசீர்வாதம் செய்தபோது, சட்டையின் கைக்கரையை விரலால் தடவிப் பார்த்தார். "இவ்வளவு வருசமா இந்த வெயில்ல மாப்பிள்ளைங்கள ஏன் கோட்டுக்குள்ள வேக வெச்சோம்?" என்று சிரித்தார். அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"எம் பொண்ணு தெச்சது சாமி. அவ கையாலயே" என்றார். வேட்டியைப் பற்றி அவர் அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை.

சில நாளில் ரோடு திறந்து, அண்ணனோடு கோட்டும் வந்து சேர்ந்தது. அத்தைக்காக ஸ்டூடியோவில் அதையும் போட்டுப் படம் எடுத்தோம். படத்தில் அவர் முகம் வியர்த்துப் போய், யாரோ திட்டிய மாதிரி இருக்கும். பட்டுச் சட்டைப் படத்தைத்தான் அத்தை பெரிதாக்கி மூங்கில்துறைப்பட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டினாள்.

அந்த மாதமே மலைப் பள்ளிக்கூடத்து இன்னொரு வாத்தியார் அதே மாதிரி சட்டை கேட்டு வந்தார். அடுத்து கச்சிராயபாளையத்து இந்துக் குடும்பம் ஒன்று வந்தது. கொஞ்ச நாளில் கள்ளக்குறிச்சியில் சொந்தமாகக் கடை போட்டேன்.

இப்போது கரை வைத்த சட்டை இல்லாத பட்டு வேட்டி செட்டே கிடையாது. பெரிய கடைகளில் கண்ணாடிக்குள் பொம்மைக்குப் போட்டு நிற்க வைத்திருக்கிறார்கள். இதை நான்தான் கண்டுபிடித்தேன் என்று சொல்ல மாட்டேன். வேறு ஊர்களில் வேறு யாருக்காவது தோன்றியிருக்கும். ஆனால் என் சட்டையை நான் எங்கேயும் பார்த்துத் தைக்கவில்லை.

போன வாரம் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பையன் ஒருவன் ஜீன்ஸுக்கு மேல் போட ஒன்று தைக்கச் சொன்னான். "ஆபீஸ்ல எல்லாரும் கேப்பாங்க ஆன்ட்டி, இது எந்த பிராண்டுன்னு சொல்றது?"

"கள்ளக்குறிச்சின்னு சொல்லுப்பா" என்றேன்.