பலூன் வெளியே வந்துவிடும்

ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டு மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். யாரோ நெஞ்சில் முழங்கையை ஊன்றி அழுத்துவதுபோல் இருந்தது. வலி தாடைவரை ஏறியது. துணி காயப்போடப் போனவளைக் காணோமே என்று கணவர் எட்டிப் பார்த்தார்.

"கேஸ்தாங்க. இஞ்சி தட்டிப் போட்டுக் குடிச்சா சரியாப் போயிடும்."

"மூஞ்சி எப்பிடி வேர்த்திருக்குது பாரு. கெளம்பு."

சேதராப்பட்டு தொழிற்சாலைக்குப் போட்டிருந்த சட்டையோடு ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தார்.

மருத்துவமனையில் ஈசிஜி பார்த்த மருத்துவர், இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கலாம் என்றார். மணிக்கட்டு வழியாக கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தி, மருந்து விட்டுப் படம் எடுப்பது ஆஞ்சியோகிராம். அடைப்பு இருந்தால் அதே வழியில் சின்ன பலூனைக் கொண்டுபோய் விரிப்பது ஆஞ்சியோபிளாஸ்டி. குழாய் மறுபடி சுருங்காமல் தாங்க, வலை போன்ற ஸ்டென்ட்டை அங்கேயே வைத்துவிடுவார்கள்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டிய கணவர், கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அந்த பலூன் உள்ளயே இருக்குமா டாக்டர்? ஏதாவது வேலை செய்யறப்ப வெடிச்சிடாதே?"

மருத்துவர் சிரிக்கவில்லை. "பலூன் வெளிய வந்துடும் சார். ஸ்டென்ட் மட்டும்தான் தங்கும்."

என் வலக்கை வளையல்களைக் கழற்றச் சொன்னார்கள். அவை இறுகிப்போயிருந்தன. செவிலியரிடம் சோப்புக் கேட்டு வாங்கி, கணவரே நுரை தடவித் தடவிக் கழற்றினார்.

உள்ளே எனக்கு முழு நினைவு இருந்தது. "கொஞ்சம் அழுத்தும், பொறுத்துக்கோங்கம்மா" என்று குரல் வந்தது. பலூன் விரிந்தபோது பழைய வலி அப்படியே திரும்பியது. அவர் வெளியே எந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். வலி மெல்ல இறங்கியது. திரையில், நடுவில் மங்கிப்போயிருந்த ரத்தக் குழாயின் கோடு நுனிவரை கருப்பாக ஓடியது.

அன்று வலக்கையை மடக்கக் கூடாது என்று மணிக்கட்டில் பட்டை இறுக்கியிருந்தார்கள். கணவர் இட்லியைப் பிட்டு வாயருகே கொண்டுவந்தார். கல்யாணப் பந்தியில் எல்லோரும் ஊட்டச் சொன்னபோது வெட்கப்பட்டு எழுந்து போனவர் அவர்.

"பக்கத்துக் கட்டில்ல பாக்கறாங்க."

"பாக்கட்டும். வாயத் தொற."

வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு உப்புக் குறைத்த குழம்பு. அவருக்குத் தனியாக வைக்கிறேன் என்றதற்கு ஒப்பவில்லை. முதல் வாயிலேயே முகம் மாறியது. என்னை ஒருமுறை பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது. இன்னும் கொஞ்சம் ஊத்து."