கண்ணில் விட்ட புளித்தண்ணீர்

மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைத்தால் சிவந்து ஆரத்தியாகும். அதிலேயே புளியைப் பிழிந்தால் மறுபடி மஞ்சளாகும். இதை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. கல்யாண வீடுகளில் ஆரத்தி கரைத்துக் கரைத்து என் கை கற்றது. சவுக்காரம் பட்டாலும் மஞ்சள் சிவக்கும். மோர் பட்டால் அந்தச் சிவப்பு போய்விடும். வெறும் தண்ணீர் எதையும் மாற்றாது. அதனால் தண்ணீரை நான் மருந்தாக நினைத்ததே இல்லை. எங்கள் தெருவில் இதெல்லாம் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்ற மிதப்பு எனக்கு உண்டு.

மிராசுதார் நிலத்தில் நாங்கள் குடியிருந்த மனைக்கு அரசாங்கம் எங்கள் பேரிலேயே பட்டா கொடுத்த வருஷம் அது. மிராசுதாருக்குப் பொறுக்கவில்லை. கோடையில் வாய்க்கால் வெடித்துக் கிடந்தது. அவருடைய பம்புசெட்டில்தான் எல்லோருக்கும் தண்ணீர்.

"பட்டா குடுத்தவங்களே தண்ணியும் குடுப்பாங்க, போய்க் கேளுங்கடி" என்றார்.

மற்றவர்கள் கெஞ்சித் தண்ணீர் பிடித்தார்கள். நான் பிடித்து வைத்திருந்த நிறைகுடத்தை அவர் எதிரிலேயே கவிழ்த்தேன்.

"உங்க தண்ணி எனக்கு வேணாங்க. இனிமே இங்க என் கால் படாது."

அன்று முதல் அடுத்த ஊர்க் கிணற்றுக்கு நடந்தேன்.

சொந்தச் சுவராயிற்றே என்று என் வீட்டுக்காரர் வெள்ளையடிக்க ஆசைப்பட்டார். கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பானையில் கொட்டி, காலையில் நான் சுமந்து வந்த தண்ணீர் முழுவதையும் ஊற்றினார். அது கொதித்தது.

"தள்ளி நில்லுங்க."

"பொங்கப்பானையாட்டம் பொங்குது பாரு புள்ள!" என்று குனிந்தார். முகத்தில் தெறித்தது.

"கண்ணு எரியுதே! தண்ணி, தண்ணி ஊத்து புள்ள!"

குடம் காலி. அடுப்படியில் குழம்புக்குக் கரைத்த புளி ஒரு சட்டி இருந்தது. கூப்பிடு தூரத்தில் பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. நான் புளியை எடுத்தேன்.

"அடிப்பாவி, கண்ணுல யாராச்சும் புளிய விடுவாங்களா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கத்தினாள்.

"சும்மா இருடி. சுண்ணாம்ப முறிக்கும், எனக்குத் தெரியும்."

அவர் போட்ட அலறலை எழுத எனக்கு வராது.

மாட்டு வண்டியிலும் பஸ்ஸிலுமாகத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வெகுநேரமாயிற்று. நர்சம்மா ஒரு சிறு சிவப்புத் தாளைக் கண்ணோரத்தில் வைத்தார். அது நீலமானது. "சுண்ணாம்பு இன்னும் உள்ள இருக்கும்மா." பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் விட்டுக் கழுவி, வேறொரு தாளை வைத்தார். அதுவும் நீலம். திரும்பவும் கழுவினார். கடைசித் தாள் நிறம் மாறவில்லை. என் மஞ்சளைப் போலத்தான் அந்தத் தாளும். யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் டாக்டர் பார்த்தார்.

"அப்பவே வெறும் தண்ணிய ஊத்திக்கிட்டே இருந்திருந்தா ஒரு கண்ணாவது மிஞ்சியிருக்கும். பக்கத்துல எங்கயும் தண்ணி இல்லையாம்மா?"

"இல்லைங்க" என்றேன்.

இரண்டு கண்ணிலும் கட்டோடு படுத்திருந்த அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பம்புசெட் ஓடிய சத்தம் அன்று அவர் காதிலும் விழுந்திருந்தது.